அப்டேட் வந்தது, கால் திரும்பியது

கம்ப்யூட்டருக்குக் கணக்கு நல்லா வரும்னு நம்புறவங்களோட நம்பிக்கை கெட்டுப்போகாம பார்த்துக்கிறதுதான் என் தொழில்.

“அப்டேட் பண்ணலாமா?”னு ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்டா, “அப்புறம்” பட்டனை அமுக்கிட்டு நழுவுறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். வாங்க, நாம எல்லாரும் ஒரே கட்சி. ஒரே வித்தியாசம், அந்தப் பெட்டியை உங்களுக்கு அனுப்புற கோஷ்டியில நானும் ஒருத்தி. சிட்னியில குவேக்கர்ஸ் ஹில்ல வீடு, வீட்டு முன்ரூம்லயே ஆபீஸ். லினக்ஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. உலகம் பூரா ஆளுங்க எழுதின ஆயிரக்கணக்கான புரோகிராமை ஒண்ணா சேர்த்து, ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாம ஓட வெச்சு, மூட்டை கட்டி இலவசமா கொடுக்கிற ஒரு கூட்டத்துல நான் இருக்கேன். அதுல கணக்கு லைப்ரரி எல்லாம் என் பொறுப்பு. லைப்ரரின்னா வேற ஒண்ணும் இல்ல. பெரிய பெரிய சமன்பாட்டைத் தீர்க்கிற வேலையை யாரோ சிலர் ஒழுங்கா ஒரு தடவை எழுதி வெச்சிருப்பாங்க. மத்த புரோகிராமெல்லாம் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கும். அந்த ஒண்ணை மாத்தினா அதை நம்பி இருக்கிற அத்தனையும் ஆடும்.

சமீபத்துல அப்படி ஒண்ணை மாத்தினேன். அந்த மாத்தத்துல ஒரு சின்னப் பொண்ணோட தொடை எலும்பு நடுவுல வந்து மாட்டிக்கிச்சு. அவளுக்குத் தப்பான இடத்துல கத்தி படக்கூடாதுன்னு நான் மல்லுக்கட்டின கதைதான் இது.

மெயில் வந்துச்சு

பழைய லைப்ரரியை எழுதினவங்க கையை விரிச்சுட்டாங்க. இனிமே பழசுல ஓட்டை இருந்தா அடைக்க மாட்டோம், புதுப் பதிப்புக்கு வந்துடுங்கன்னு சொல்லிட்டாங்க. புதுசு நல்ல வேகம், அதுல குறை சொல்ல முடியாது. அதனால அதை நம்பி இருக்கிற புரோகிராமையெல்லாம் பார்த்துக்கிறவங்களுக்கு நான் முறைப்படி மெயில் அனுப்பினேன். இன்ன மாசம் மாத்தப் போறோம், டெஸ்டிங் பதிப்புல போட்டு வெச்சிருக்கேன், உங்க புரோகிராமை ஓட்டிப் பார்த்துட்டு ஏதாவது இடிச்சா சொல்லுங்கன்னு கெஞ்சி எழுதினேன். ஒரு ஆளு மூச்சு விடல. ஞாபகப்படுத்தி மறுபடி அனுப்பினேன். அப்பவும் அதே அமைதி.

அடுத்து வெளியிடப் போற பதிப்புல நிஜமா மாத்தின அன்னைக்குக் காபியைக் கையில எடுத்துட்டு உக்காந்தேன், குடிக்கவே விடல. இது ஓடல, அது கம்பைல் ஆகி ஓடற நிலைக்கே வரல, யாரைக் கேட்டு மாத்தினீங்கன்னு ஆளாளுக்கு வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்துட்டாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அதுல ரொம்பக் காரசாரமா திட்டின ஒருத்தருக்கு, நான் அனுப்பின பழைய மெயில் ரெண்டையும் இணைச்சு, இது உங்களுக்கு வரலையான்னு பணிவா கேட்டேன். மனுஷன் ஒளிவு மறைவு இல்லாம பதில் போட்டார்: “வந்துச்சு. ஆனா நீங்க நிஜமாவே செய்வீங்கன்னு நான் எதிர்பார்க்கல.”

கடைசி இலக்கம்

இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. நிறைய எண்களைக் கூட்டும்போது எந்த வரிசையில கூட்டுறோம்ங்கிறதைப் பொறுத்துக் கம்ப்யூட்டர்ல விடையோட கடைசி இலக்கம் லேசா மாறும். புள்ளிக்கு அப்புறம் பதினஞ்சு இடம் தள்ளி ஏழு இருந்த இடத்துல எட்டு வரும். பழைய வரிசையும் தப்பில்ல, புது வரிசையும் தப்பில்ல. புதுசு வேகமா ஓடறதே வரிசையை மாத்திக்கிறதாலதான். இதை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்னு கணக்கே கிடையாது. எங்க டீம்ல இதுக்குன்னே ஒரு ரெடிமேட் பதில் எழுதி வெச்சிருக்கோம். புகார் வந்தா அதை ஒட்டி, புகாரை மூடிடுவோம்.

ஹோம்புஷ்ல ஒரு சனிக்கிழமை காலையில தோசை சாப்பிடப் போயிருந்தோம். எனக்கு ரொம்ப நாளா பழக்கமான செந்தில், பாலங்களோட அதிர்வைக் கணக்குப் போடற கம்பெனியில வேலை பார்க்கிறவன், எதிர்ல வந்து உக்காந்தான். அக்கா, உங்க அப்டேட்டால என் டெஸ்ட் எல்லாம் ஃபெயிலாகி சிவப்பா நிக்குதுன்னு ஆரம்பிச்சான். சாம்பார் ஆறிப்போற வரைக்கும் விளக்கினேன். பாலம் விழாதுடா, பதினஞ்சாவது இடத்துல ஒரு இலக்கம்டா, நீ விடையை அப்படியே ஒப்பிடாம கொஞ்சம் இடம் விட்டு ஒப்பிடுன்னு சொன்னேன். என் வீட்டுக்காரர் சுரேஷ் நடுவுல எழுந்து போய் ரெண்டாவது காபியே வாங்கிட்டு வந்துட்டார். செந்தில் எல்லாத்தையும் தலையாட்டிக் கேட்டுட்டுச் சொன்னான்: “நீங்க சொல்றது நூத்துக்கு நூறு புரியுது அக்கா. எனக்குப் பழைய கடைசி இலக்கம் வேணும்.”

என்ர கால்

அந்த வாரமே முன்பின் தெரியாத ஒரு நம்பர்ல இருந்து போன். மெல்பர்ன்ல இருந்து வானதின்னு ஒரு பொண்ணு, யாழ்ப்பாணத் தமிழ். நடக்கச் சிரமப்படுற குழந்தைங்களுக்கான ஒரு கிளினிக்ல இன்ஜினியர். நம்பர் எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்டேன். லைப்ரரியை மாத்தினவங்க பெயர்ப் பட்டியல்ல ஒரு தமிழ்ப் பேர் இருந்துச்சாம், தெரிஞ்சவங்களை விசாரிச்சுப் பிடிச்சுட்டாளாம். நம்ம ஆளுங்களுக்கு இது ஒரு பெரிய வேலையே இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்.

அவங்க கிளினிக்ல ஒரு நீள ஹால் இருக்கு, சுத்திக் கேமரா. குழந்தையோட இடுப்பு, முட்டி, கணுக்கால்ல மினுமினுக்கிற சின்ன உருண்டைகளை ஒட்டி நடக்க விடுவாங்க. கேமரா பார்த்ததை வெச்சு ஒரு புரோகிராம் தொடை எலும்பு எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்குன்னு சொல்லும். டாக்டர் அதைப் பார்த்துத்தான் ஆபரேஷன்ல எலும்பை எவ்வளவு திருப்பணும்னு முடிவு பண்ணுவார். அந்தப் புரோகிராம் நாங்க கொடுக்கிற மூட்டையில இருக்கிறது. திங்கக்கிழமை காலையில முதல் குழந்தை வர்றதுக்கு முன்னாடி, கேமரா எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க, வானதி தன் கால்லயே உருண்டையை ஒட்டிக்கிட்டு ஒரு நடை நடந்து பார்ப்பா. வருஷக்கணக்கா நடக்கிறா. தன்னோட தொடை எத்தனை டிகிரின்னு தன் பிறந்தநாள் மாதிரி அவளுக்கு அத்துப்படி.

புதுப் பதிப்பை ஒரு உதிரி கம்ப்யூட்டர்ல போட்டு நடந்திருக்கா. வலது கால் பழையபடியே சரியா வந்திருக்கு. இடது தொடை நல்லா உள்பக்கமா திரும்பியிருக்குன்னு புரோகிராம் சாதிச்சிருக்கு. உடனே எங்களுக்குப் புகார் எழுதியிருக்கா. எங்க டீம்ல ஒருத்தர் விடை மாறியிருக்குங்கிற வார்த்தையை மட்டும் பார்த்துட்டு, அந்த ரெடிமேட் பதிலை ஒட்டி மூடிட்டார். அடுத்த மாசம் ஒரு சின்னப் பொண்ணுக்கு ஆபரேஷனுக்கு முந்தின அளவு எடுக்கணும், அதுக்குள்ள எங்க புதுப் பதிப்பு வெளிய வந்துடும், கம்ப்யூட்டரையும் மாத்திடுவாங்கன்னு சொன்னா. குரல்ல பயம் தெரிஞ்சது, ஆனா அழுத்தமாவே பேசினா: “கடைசி இலக்கம் எண்டு சொல்லி மூடிப்போட்டினம் அக்கா. என்ர கால் எனக்குத் தெரியாதோ?”

ஆள் இல்லாத புரோகிராம்

புகாரை மறுபடி திறந்தேன். திறந்த கையோட க்ரெக் கூப்பிட்டான். க்ரெக் எங்க வெளியீட்டுப் பொறுப்பாளர். எது உள்ளே, எது வெளியேன்னு முடிவு பண்றது அவன் வேலை. நல்ல மனுஷன், ஆனா தேதின்னா தேதி. ஃப்ரீஸ்னு ஒரு நாள் உண்டு. அன்னைக்கு அப்புறம் யாரும் எதையும் மாத்தக்கூடாது, இருக்கிறதை வெச்சு வெளியிடுவோம். அந்த நாளுக்குள்ள சரியாகாத புரோகிராமைத் தூக்கி வெளிய போட்டுடுவோம். அதுல அவன் தயவு தாட்சண்யம் பார்த்ததில்ல.

அந்த நடை புரோகிராமை எழுதினவர் எப்பவோ வேற வேலைக்குப் போயிட்டார், மெயில் போட்டா பதில் இல்ல. பயன்படுத்துறவங்களும் விரல் விட்டு எண்ணிடலாம். க்ரெக் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. யாரோ நாலு பேருக்காக லட்சம் பேர் காத்திருக்க முடியுமா, எடுத்துடு, அந்த கிளினிக் பழைய பதிப்பையே ஓட்டிக்கட்டும்னான். பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்னதும் கிளினிக்கோட கம்ப்யூட்டர் ஆளுங்க அந்த மெஷினோட ஒயரைப் பிடுங்கிடுவாங்கன்னு வானதி ஏற்கெனவே என்கிட்ட சொல்லியிருந்தா. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணோட காலைக் கண்ணால பார்த்துக் குத்துமதிப்பாதான் முடிவு பண்ணணும். அதையும் சொன்னேன். இன்னொண்ணும் சொன்னேன். ஓடாம நின்னு போனா பரவாயில்ல க்ரெக், இது சிரிச்ச முகமா ஓடி முடிச்சுத் தப்பா விடை சொல்லுது, அது ஏன்னு தெரியாம நான் இந்த லைப்ரரியை வெளிய விட மாட்டேன்னு கறாரா சொல்லிட்டேன். இந்த ஒரு விஷயத்துல நான் யாருக்கும் மசியறதா இல்ல. அவன் சொன்னான்: “சரி, காரணத்தைக் கண்டுபிடி. முடியலைன்னா ஃப்ரீஸ் அன்னைக்குக் காலைல நானே எடுத்துடுவேன், அதுக்காக என்மேல கோவப்படக் கூடாது.”

நான் நடந்து காட்டினது

காரணம் கண்டுபிடிக்கணும்னா அந்தத் தப்பான விடை என் கம்ப்யூட்டர்ல வரணும். அதுக்கு யாராவது நடந்த பதிவு வேணும். கிளினிக்ல குழந்தைங்களோட பதிவும் வெளிய போகக்கூடாது, அங்க வேலை செய்யறவங்களோடதும் போகக்கூடாது. வானதியோட கால் வானதியோடதா, கிளினிக்கோடதான்னு ஒரு வாரம் அங்க மீட்டிங் ஓடுச்சு. முடிவு வரல. ஃப்ரீஸ் நெருங்குது. எனக்குப் பொறுமை போயிடுச்சு. நான் வந்து நடக்கறேன், என் காலு என்னோடது, பதிவை நானே எடுத்துட்டுப் போறேன், இதுல யாருக்காவது ஆட்சேபணை உண்டான்னு கேக்கச் சொன்னேன். அவங்க மேலாளர் யோசிச்சுப் பார்த்துட்டு, இதுக்கு எங்க விதியில தடை எதுவும் இல்லைன்னுட்டாங்க.

மறுநாளே மெல்பர்னுக்கு டிக்கெட் போட்டேன். சுரேஷ் பாக்ஸ்ல புளியோதரை கட்டிக் கொடுத்துட்டு, நடக்கறதுக்காக பிளேன் ஏறிப் போற முதல் ஆளு நீதான்னு கிண்டல் பண்ணார். போனா ஷார்ட்ஸ் போடணும்னாங்க. வாழ்க்கையில நான் ஷார்ட்ஸ் போட்டதில்ல. வானதி ஒண்ணு எடுத்து வெச்சிருந்தா. கூச்சமா இருந்துச்சு, ஆனா அந்தப் பொண்ணை நினைச்சுக்கிட்டுப் போட்டுக்கிட்டேன். முட்டியில உருண்டையை ஒட்டிக்கிட்டு, கேமராவுக்கு நடுவுல, பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னாடி நடக்கிற மாதிரி பதமா நடந்தேன். அப்படி நடக்கக் கூடாது, கடைக்குப் போற மாதிரி நடக்கணும்னு வானதி திருப்பி அனுப்பினா. போய் வந்து, போய் வந்து, கடைசியில என் சொந்த நடை வந்துச்சு.

பழைய பதிப்புல போட்டோம், ரெண்டு தொடையும் ஒழுங்கா இருந்துச்சு. புதுசுல போட்டோம், என் இடது தொடையும் உள்ள திரும்பிக்கிச்சு. நான் சந்தோஷத்துல கையைத் தட்டிட்டேன். கால் திரும்பினதுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்த ஹால் பார்த்திருக்காது. என் கூடவே நின்னு திரையைப் பார்த்துக்கிட்டிருந்த வானதி வேற எதையோ உத்துப் பார்த்தா. பழைய பதிப்பையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுச் சொன்னா: “அது கிடக்கட்டும் அக்கா. இது புரோகிராமின்ர பிழையில்ல, நீங்கள் உண்மையாவே இடது காலை இழுத்துத்தான் நடக்கிறியள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு முன்னால கதிரையில இருந்து இருந்து வந்ததுதான்.”

சொல்லாத மரியாதை

மறுநாள் ஞாயிறு. வானதி என்னைக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா. சாமி கும்பிட்டுட்டுச் சாப்பாட்டுக்கு வரிசையில நின்னோம். எனக்கு நிலை கொள்ளல. சாப்பிட்டு முடிச்சதும் கார் நிறுத்துற இடத்துல அவ கார்லயே லேப்டாப்பைத் திறந்து உக்காந்துட்டேன். அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பிடிச்சுட்டேன்.

விஷயம் இதுதான். கட்டம் கட்டமா எண்களை அடுக்கி வெச்சு, பள்ளிக்கூடத்துல அணின்னு சொல்லிக் கொடுத்தாங்களே, அந்தக் கணக்குதான். இந்த லைப்ரரியில ஒரு வேலை உண்டு. அதுகிட்ட ஒரு அணியைக் கொடுத்தா, விடையை மேல்பாதியில மட்டும் எழுதித் தரும். கீழ்ப்பாதியைப் பத்தி அது ஒண்ணும் சொல்லல. பழைய லைப்ரரி, கேக்காமலே, ஒரு மரியாதைக்குக் கீழ்ப்பாதியைத் துடைச்சுப் பூஜ்யம் போட்டுக் கொடுத்துக்கிட்டிருந்துச்சு. நடை புரோகிராமை எழுதினவர் அதைப் பார்த்து, கீழே எப்பவும் பூஜ்யம்தான்னு நம்பி மொத்த அணியையும் எடுத்து உபயோகிச்சுட்டார். புது லைப்ரரி, வேகத்துக்காக, அந்தத் துடைக்கிற வேலையை விட்டுடுச்சு. இந்தப் புரோகிராம் வலது காலை முதல்ல கணக்குப் போடும். அதே இடத்துலயே அப்புறம் இடது காலைப் போடும். அதனால இடது கால் கணக்கோட கீழ்ப்பாதியில வலது காலோட மிச்சம் அப்படியே கிடந்திருக்கு. பந்தியில முன்னாடி சாப்பிட்டவர் இலையை எடுக்காம அதுலயே நமக்குப் பரிமாறின மாதிரி. எல்லாமே கால் சம்பந்தப்பட்ட எண்ணுங்கிறதால, விடையும் கால் மாதிரியே இருந்துச்சு. அதான் யாருக்கும் சந்தேகம் வரல, தன் காலை மனப்பாடமா வெச்சிருந்த ஒருத்தியைத் தவிர.

லைப்ரரி எழுதினவங்களுக்கு விவரமா எழுதி, தயவு செஞ்சு பழையபடி துடைச்சுக் கொடுங்கன்னு கேட்டேன். பதில் உடனே வந்துச்சு, ரொம்ப மரியாதையா: “கீழ்ப்பாதிக்கு நாங்க பொறுப்புன்னு எங்க கையேட்டுல எந்த இடத்துலயும் சொல்லலையே.”

குப்பை கொட்டினேன்

அவங்க சொன்னது சட்டப்படி சரிதான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நாம கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கை மட்டும் காப்பாத்துறது இந்தத் தொழில்ல பாதி வேலைதான். நாம சொல்லாமலே ஜனங்க நம்பிட்டாங்களே, அதைப் பார்த்துக்கிறதுதான் மீதி. நடை புரோகிராமைத் திருத்துறது சின்ன வேலை, அரை நாள்ல முடிச்சேன். ஆனா இதே மாதிரி கீழ்ப்பாதியை நம்பி வேற எத்தனை புரோகிராம் இருக்கோ, அங்க வானதி மாதிரி யாரும் இல்லைன்னா என்ன ஆகும்?

அதனால ஒரு காரியம் பண்ணேன். வேணும்னே கீழ்ப்பாதியில கண்ட கண்ட எண்ணைக் கொட்டி வெக்கிற மாதிரி லைப்ரரியில ஒரு தனிப் பதிப்பு தயார் பண்ணேன். அதை நம்பி இருக்கிற அத்தனை புரோகிராமையும் இந்தக் குப்பைப் பதிப்போட மறுபடி கம்பைல் பண்ணி டெஸ்ட் ஓட விட்டேன். ஒழுங்கா எழுதினது குப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கீழ்ப்பாதியை எட்டிப் பார்க்கிறதெல்லாம் கண்ணுல குப்பை விழுந்து அலறும். இந்த வேலையைச் செய்யற எங்க பில்டு மெஷின்களை நான் மொத்தமா வளைச்சுப் போட்டுக்கிட்டேன்னு மத்த டீம்காரங்க முணுமுணுத்தாங்க. முணுமுணுக்கட்டும்னு விட்டுட்டேன்.

அலறினது சில. நிலத்தடி நீர் எவ்வளவு இருக்குன்னு கணக்கு போடறது ஒண்ணு. செயற்கைக்கோள் படத்தை நேராக்குறது ஒண்ணு. ஒவ்வொண்ணையும் திருத்தி, எழுதினவங்களுக்கு அனுப்பினேன். டெஸ்ட்டே இல்லாத புரோகிராம் எத்தனை சத்தமில்லாம தப்பிச்சிருக்கும்னு எனக்குத் தெரியாது. அதுக்காக இந்த வெளியீட்டுக்கு மட்டும் லைப்ரரியிலயும் அந்தத் துடைக்கிற வேலையைத் திரும்பப் போட்டேன், கொஞ்சம் வேகம் போனாலும் போகட்டும்னு. எழுதினவங்க வெச்சதை விட்டு நாம விலகிப் போறது க்ரெக்குக்குப் பிடிக்காது. நான் எல்லா விவரத்தையும் அவன் முன்னாடி வெச்சேன். அவன் உக்காந்து கடைசி வரைக்கும் படிச்சான். படிச்சுட்டு அனுமதி கொடுக்கிறேன்னு கூட சொல்லல. இவ்வளவுதான் சொன்னான்: “நான் தூக்கிப் போடலாம்னு சொன்ன புரோகிராம்தான் மிச்சத்தையெல்லாம் காட்டிக் கொடுத்திருக்கு. அது உள்ளேயே இருக்கட்டும்.”

ஒண்ணும் மாறல

புரோகிராமைத் திருத்தினா மட்டும் போதாது. நாளைக்கு வேற எவராவது லைப்ரரியை மாத்தும்போது மறுபடி கால் திரும்பக்கூடாது. அதனால புரோகிராமோட கூடவே ஒரு டெஸ்ட் வெச்சேன். ஒரு தெரிஞ்ச நடையை எடுத்து ஓட்டும், விடை வழக்கமானதா இல்லைன்னா அங்கேயே நின்னு கத்தும். தெரிஞ்ச நடைன்னா யாரோடது, வெளிய கொடுக்க உரிமை இருக்கிறது என்னோடது ஒண்ணுதான். அந்த மூட்டையை இறக்குறவங்க எல்லார் கம்ப்யூட்டர்லயும் இப்ப நான் இடது காலை இழுத்து இழுத்து நடந்துக்கிட்டிருக்கேன். என் அம்மாகிட்ட இதை இன்னும் சொல்லல.

ஃப்ரீஸ் முடிஞ்சு புதுப் பதிப்பு வெளிய வந்துச்சு. கிளினிக்லயும் கம்ப்யூட்டரை மாத்திட்டாங்க. வானதி திங்கக்கிழமை நடந்தா, அவளோட டிகிரி அவளுக்குக் கிடைச்சுது. அந்தப் பொண்ணுக்கு அளவு எடுக்கிற நாள் வந்தப்ப எனக்கு இங்க வேலை ஓடல, போனையே பார்த்துக்கிட்டிருந்தேன். மத்தியானம் வானதி கூப்பிட்டா. அளவு எடுத்தாச்சு, டாக்டர் கையால பரிசோதிச்சுப் பார்த்ததோட பொருந்துது, எந்தக் காலை எவ்வளவு திருப்பணும்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு சொன்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. டாக்டர் என்ன சொன்னார்னு ஆசையா கேட்டேன். வானதி சிரிச்சுக்கிட்டே அவர் சொன்னதை அப்படியே தமிழ்ல சொன்னா: “எல்லாம் பழைய மாதிரியே இருக்கே, பிறகு ஏன் இத்தனை வாரமா அப்டேட்டு அப்டேட்டெண்டு கரைச்சல் குடுத்தனீங்கள்?”

அந்தப் பொண்ணு கேட்டது

போனை வைக்கப் போன என்னை வானதி நிறுத்தினா. இன்னொண்ணு சொல்லணும் அக்கா, நீங்கள் கோவிக்கக் கூடாதுன்னா. இப்பெல்லாம் அவ ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னாடி அந்த டெஸ்ட்டை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கிறாளாம். ஓட்டும்போது திரையில குச்சி குச்சியா ஒரு உருவம் நடந்து வரும், முகம் கிடையாது, வெறும் எலும்புக்கோடுதான். அந்தப் பொண்ணு கால்ல உருண்டையெல்லாம் ஒட்டி, தன் முறைக்காக நாற்காலியில காத்துக்கிட்டு இருந்திருக்கா. பயந்துபோய் ஒரு வார்த்தை பேசாம இருந்தவ, திரையில நான் நடக்கிறதைக் கண்ணெடுக்காம பார்த்திருக்கா. முடிஞ்சதும் இன்னொரு தடவை போடச் சொல்லியிருக்கா. அதையும் பார்த்துட்டு, வானதி கையைப் பிடிச்சு மெதுவா கேட்டிருக்கா: “அந்த ஆன்ட்டிக்கும் கால் சரியில்லையா? அவங்களுக்கும் ஆபரேஷன் பண்ணி விட்டுடுவீங்கல்ல?”

ஆக, உலகத்துல எதுவுமே மாறிடக் கூடாதுன்னு நான் பட்ட இத்தனை பாட்டுல மாறினது ஒண்ணே ஒண்ணுதான்: இப்ப நான் நாற்காலியை விட்டு எழுந்து தினமும் குவேக்கர்ஸ் ஹில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போயிட்டு வர்றேன்.